நடக்காமல் இருந்த ஒரு நாள்

பதினோராவது நாள் காலையில் கூடாரத்துக்குள் எழுந்து உட்கார்ந்தபோது, என் இடது கால் காலணிக்குள் நுழைய மறுத்தது. முந்தைய நாள் எவல்யூஷன் ஓடையில் இறங்கிக் கடக்கையில் நீருக்கடியில் கிடந்த உருண்டைக் கல் ஒன்று புரண்டு கணுக்கால் பிசகியிருந்தது. அங்கேயே புல்வெளியோரம் தங்கியிருக்க வேண்டும். அன்றைய தூரக் கணக்கை முடித்துவிட வேண்டும் என்ற பிடிவாதத்தில் வலித்த காலோடு மேலும் சில மணி நேரம் ஏறி, ஏறத்தாழ 3,300 மீட்டர் உயரத்தில் இருக்கும் எவல்யூஷன் ஏரிக்கரையில் வந்து கூடாரம் அடித்ததற்கான கூலி அது. உடன் வந்த என் மைத்துனன் வீங்கிய காலைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான், பிறகு ஒன்றும் பேசாமல் எனது பையிலிருந்த உணவுப் பெட்டியை எடுத்துத் தன் கூடாரப் பக்கம் கொண்டுபோய் வைத்தான். இன்றைக்கு நடை இல்லை என்பதை அவன் அப்படித்தான் அறிவித்தான்.

நெடுநடைக்காரர்கள் இதை 'ஜீரோ நாள்' என்பார்கள். ஒரு கிலோமீட்டர்கூட முன்னேறாத நாள் என்பது பொருள். இந்தப் பயணத்தைப் பற்றி எழுதச் சொல்லி நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த ஜீரோ நாள்தான் என்பதால் அதிலிருந்தே தொடங்கினேன்.

நாங்கள் நடந்தது ஜான் மியூர் நடைபாதை. கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரில், யோசெமிட்டி பள்ளத்தாக்கில் தொடங்கி, அலாஸ்காவையும் ஹவாயையும் நீக்கிய அமெரிக்காவின் மிக உயரமான சிகரமாகிய விட்னியின் 4,421 மீட்டர் உச்சியில் முடியும், ஏறத்தாழ 340 கிலோமீட்டர் நீளமுள்ள பாதை அது. தியடோர் சாலமன்ஸ் என்பவர் பதினான்கு வயதுச் சிறுவனாக இருந்த 1884ஆம் ஆண்டிலேயே மலைமுகட்டை ஒட்டி இப்படியொரு பாதை செல்ல வேண்டும் என்று கனவு கண்டதாகக் கூறுவார்கள். பாதை அமைக்கும் வேலை 1915இல் தொடங்கி 1938இல்தான் முடிந்தது. யோசெமிட்டியின் டுவாலமி புல்வெளி வழியாகச் செல்லும் சாலையைத் தாண்டிய பிறகு, விட்னி வரையில் எந்த வாகனச் சாலையும் இந்தப் பாதையைக் குறுக்கே கடப்பதில்லை. யோசெமிட்டியிலிருந்து தெற்கு நோக்கி நடப்பதற்கான அனுமதிச் சீட்டு குலுக்கல் முறையில் கிடைக்கிறது. எங்களுக்கு அது கிடைத்த நாளிலிருந்தே நான் ஒரு குறிப்பேட்டில் கணவாய்களின் பெயர்களையும் உயரங்களையும் வரிசையாக எழுதி வைத்திருந்தேன். டோனஹியூ, சில்வர், செல்டன், மியூர், மேதர், பின்ஷோ, கிளென், ஃபாரஸ்டர் என்று நீண்ட அந்தப் பட்டியலில் ஒரு விலங்கின் பெயர்கூட இல்லை.

மலைகள் என்னை ஏமாற்றவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஏறத்தாழ பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்னர் பூமியின் ஆழத்தில் பாறைக்குழம்பு மெல்லக் குளிர்ந்து கிரானைட்டாக இறுகியது. பின்னர் மேலிருந்த மண்ணும் பாறையும் அரிக்கப்பட்டு அது வெளிப்பட்டது. பனியாறுகள் அதன்மீது ஊர்ந்து, அடியில் சிக்கிய கற்களாலும் மணலாலும் அதை இழைத்து மெருகேற்றின. அந்த மெருகு இன்றும் சில இடங்களில் அப்படியே இருக்கிறது. மாலை வெயில் சாய்வாக விழும்போது மலைச்சரிவு முழுவதும் எண்ணெய் தடவியதுபோல் மின்னும். கையால் தடவினால் கண்ணாடிபோல் வழுக்கும். அதே பாறையில், பனியாறு நகர்ந்த திசையைக் காட்டும் கீறல்கள் விரல்நுனிக்கு அகப்படும். ஐந்தாம் நாள் மாலை தவுசண்ட் ஐலண்ட் ஏரியின் கரையில், சின்னஞ்சிறு பாறைத் தீவுகள் சிதறிக் கிடந்த நீருக்கு அப்பால் பேனர் சிகரம் செம்பு நிறத்துக்கு மாறியதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, இதற்காகத்தான் வந்தோம் என்று எண்ணிக்கொண்டேன்.

அந்தப் பத்து நாள்களில் விலங்குகளே கண்ணில் படவில்லை என்று சொல்ல முடியாது. டுவாலமி புல்வெளியில் தரை அணில்கள் முளைக்குச்சிபோல் நிமிர்ந்து நின்று எங்களைக் கணக்கெடுத்தன. லயல் பள்ளத்தாக்கில் கோவேறு கழுதையின் காதுகளைப் போல நீண்ட காதுகளைக் கொண்ட மான்கள் கூடாரத்துக்குப் பத்தடி தூரத்தில் நின்று மேய்ந்தன. ஆனால் எல்லாவற்றையும் நடந்துகொண்டே பார்த்தேன். அதோ மான், அதோ பருந்து என்று விரல் நீட்டிவிட்டு அடுத்த அடி எடுத்து வைப்பேன். நின்று பழகிய ஒரே உயிரினம் கொசு. அதுவும் அதன் விருப்பப்படிதான். ஜூலையில் பனி உருகி ஈரமாகக் கிடக்கும் அந்தப் புல்வெளிகளில் தலையை மூடும் கொசுவலை அணியாமல் ஐந்து நிமிடம் உட்கார முடியாது. அழகான படங்களைப் பார்த்துவிட்டுக் கிளம்புகிறவர்களிடம் இதை யாராவது முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

ஜீரோ நாளுக்கு வருகிறேன். ஏரியின் தண்ணீரில் காலை நனைத்து நனைத்து எடுத்தபின், எலாஸ்டிக் கட்டுத் துணியைச் சுற்றிக்கொண்டு, கரையிலிருந்து மேலேறும் பாறைச் சரிவின் அடியில் முதுகுப்பையை அணையாக்கிச் சாய்ந்து உட்கார்ந்தேன். மலையுச்சியிலிருந்து உடைந்து விழுந்த பாறைகள், பெட்டி அளவிலிருந்து வீட்டறை அளவு வரை, ஒன்றன்மேல் ஒன்றாக அடைந்து கிடக்கும் சரிவு அது. முந்தைய பத்து நாள்களில் இப்படிப்பட்ட நூறு சரிவுகளைக் கடந்திருப்பேன். என்னைப் பொறுத்தவரை அவை கணுக்காலுக்கு ஆபத்தான வெறும் கற்குவியல்கள்.

அரைமணி நேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு எனக்கு மிக அருகில் எங்கோ 'ஈக்' என்று ஒரு கீச்சொலி கேட்டது. குழந்தைகளின் ரப்பர் பொம்மையை ஒருமுறை அமுக்கியதுபோன்ற சிறிய ஒலி. ஒலி வந்த இடத்தில் ஒன்றுமில்லை. பின்னர் இரண்டு பாறைகளுக்கு இடையிலிருந்து, கைப்பிடி அளவுள்ள, வட்டக் காதுகளைக் கொண்ட, வால் இருப்பதே தெரியாத சாம்பல் பழுப்புப் பிராணி ஒன்று வெளியே வந்து, ஒரு கல்லின் மேல் பந்துபோல் குந்தியது. பைக்கா! பார்வைக்கு எலியைப்போல் இருந்தாலும் அது முயலின் உறவு. என்னைப் பார்த்தது. நான் பாறைகளில் ஒன்றுதான் என்று முடிவு செய்ததுபோல் கீழே இறங்கி, சரிவின் ஓரத்தில் முளைத்திருந்த பூச்செடிகளுக்குள் ஓடியது. திரும்பி வந்தபோது அதன் வாய்க்குக் குறுக்காக ஒரு கற்றைத் தழை இருந்தது. ஊதாப் பூக்கள் ஒரு பக்கமும் தண்டுகள் மறுபக்கமும் மீசைபோல் நீட்டிக்கொண்டிருந்தன. பாறை இடுக்கில் அதைப் போட்டுவிட்டு மறுபடியும் ஓடியது.

நான் எண்ணத் தொடங்கினேன். நாற்பதுவரை எண்ணியபின் விட்டுவிட்டேன். இந்தப் பிராணி குளிர்காலம் முழுவதும் உறங்குவதில்லை. பல மீட்டர் பனிக்கு அடியில், பாறை இடுக்குகளில் விழித்திருந்தபடியே காலம் கழிக்கிறது. அதற்கான தீவனத்தைக் கோடையின் இந்தச் சில வாரங்களில் அறுத்துக் காயவைத்துச் சேர்க்க வேண்டும். அந்த இடுக்கில் குனிந்து பார்த்தபோது, அடியில் காய்ந்து பழுப்பேறிய தழையும் மேலே பச்சையும் அடுக்காகக் கிடந்தன. அது ஒரு வைக்கோற்போர், முழங்கால் உயரத்துக்கு. கடுங்குளிரைத் தாங்கும் இந்த உடம்பு வெப்பத்துக்கு மட்டும் தாளாது. நிழலுக்குள் ஒதுங்க வழியில்லாமல் போனால், நமக்கு இதமாகத் தோன்றும் 26, 27 டிகிரி வெப்பமே சில மணி நேரத்தில் அதன் உயிரைப் பறித்துவிடக்கூடும். நண்பகலில் அது காணாமல் போனதற்கும், வெயில் தாழ்ந்த பிறகு மீண்டும் வேலைக்கு வந்ததற்கும் காரணம் அதுதான். கற்குவியல் என்று நான் நினைத்தது அதற்குக் குளிர்சாதன அறை.

மைத்துனன் மதியம் ஏரியின் மறுகோடிவரை போய்விட்டு வந்தான். அங்கிருந்து தெரியும் சிகரங்களுக்கு டார்வின், வாலஸ், ஹக்ஸ்லி, ஹெக்கல், ஸ்பென்சர் என்று பரிணாமக் கொள்கையோடு தொடர்புடையவர்களின் பெயர்களை 1895இல் சூட்டியவரும் அதே சாலமன்ஸ்தான். அவற்றின் படங்களைக் கைப்பேசியில் காட்டினான். நான் பைக்காவைப் பற்றிச் சொன்னேன். "காலையிலிருந்து இங்கேயே உட்கார்ந்து எலியையா அத்தான் பார்த்துக்கிட்டிருக்கீங்க?" என்றான். முயல் என்று திருத்தினேன்.

அந்த உரையாடலின்போதுதான் எங்கள் இருவருக்கும் பின்னால், பாறையில் சாய்த்து வைத்திருந்த எனது நடைக்கோல்களில் ஒன்று சரிந்து விழுந்த ஓசை கேட்டது. திரும்பினால், பூனையைவிடப் பருத்த, வயிற்றுப்புறம் மஞ்சளாக இருந்த, மார்மட் என்ற பெரிய தரை அணில் ஒன்று, கோலின் கைப்பிடி வாரை இரண்டு முன்னங்கால்களாலும் பிடித்துக்கொண்டு, சவைத்துக்கொண்டிருந்தது. நாங்கள் எழுந்து நின்றும் அது ஓடவில்லை. வாரை விடாமலேயே எங்களைப் பார்த்தது. முன்பற்கள் இரண்டும் கரும்பு கடிக்கும் கிழவரின் பற்களைப்போல் நீண்டு மஞ்சளாக இருந்தன. கைதட்டி விரட்டிய பிறகே, சுருதி பிசகாத ஒரு சீட்டியை அடித்துவிட்டுப் பாறைகளுக்குள் நுழைந்தது. வாரின் பாதி அதனோடு போயிருந்தது. மலை உயரங்களில் வளரும் புல்லிலும் தழையிலும் சோடியம் மிகக் குறைவு. ஆகவே பத்து நாள் வியர்வை ஊறிய கைப்பிடி வார் அதற்குக் கிடைத்த உப்புக் கட்டி. மான்கள் எங்கள் கூடாரங்களைச் சுற்றி வந்ததும் இதே காரணத்தால்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. எங்கள் மீதான நட்பு என்று நான் அதைத் தவறாகப் புரிந்துகொண்டிருந்தேன்.

மாலையில் வந்த பறவையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மரங்கள் வளரும் எல்லையின் விளிம்பில், காற்றில் முறுக்கிக்கொண்டு வளரும் வெண்பட்டைப் பைன் மரங்கள் சில அங்கே இருந்தன. சாம்பல் உடலும் கறுப்புச் சிறகும் நீண்ட கூரிய அலகும் கொண்ட நட்கிராக்கர் என்ற பறவை, அவற்றின் ஊதாநிறக் கூம்புக் காய்களைக் கொத்திப் பிளந்துகொண்டிருந்தது. இந்த மரத்தின் கூம்புகள் தாமாக வெடித்து விதைகளை உதிர்ப்பதில்லை. இந்தப் பறவைதான் கோடை முடிவில் விதைகளை நாக்குக்கு அடியிலுள்ள பைக்குள் நிரப்பிக் கொண்டுபோய், ஒரு பருவத்தில் பல்லாயிரக்கணக்கான விதைகளை, சிலவற்றைச் சேர்த்துச் சேர்த்து மண்ணுக்குள் புதைக்கிறது. பனி மூடிய பிறகும் பெரும்பாலானவற்றை நினைவிலிருந்தே தேடி எடுத்துவிடுகிறது. எடுக்காமல் விட்டவை முளைக்கின்றன. ஒரே இடத்திலிருந்து மூன்று நான்கு பைன் தண்டுகள் கொத்தாகக் கிளம்பியிருப்பதை வழியெல்லாம் கண்டு, மண்ணின் குணம் போலும் என்று கடந்து வந்திருந்தேன். பறவை வைத்து மறந்த இடங்களாக அவற்றில் பல இருந்திருக்கும்.

மறுநாள் கட்டுப் போட்ட காலோடு, நடையின் அளவைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு கிளம்பினோம். 3,644 மீட்டர் உயரமுள்ள மியூர் கணவாயின் உச்சியில், 1930இல் சியரா கிளப் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு கட்டிய கற்குடில் ஒன்று நிற்கிறது. புயலில் சிக்கியவர்கள் ஒதுங்குவதற்காகக் கட்டப்பட்டது. அதற்கு முன்னதாக இருந்த பனிப்பரப்பில் எங்கள் காலடித் தடங்கள் இளஞ்சிவப்பாக விழுந்தன. பனியில் வாழும் ஒருவகைப் பாசி, உயரத்தின் கடும் வெயிலிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள உருவாக்கும் நிறமி அது. தர்ப்பூசணி வாசனை வரும் என்பார்கள். மைத்துனன் மண்டியிட்டு முகர்ந்து பார்த்துவிட்டு, தன் காலுறையின் வாசனை மட்டுமே வருவதாகச் சொன்னான்.

கரடியைப் பார்த்தது கணவாய்க்கு அப்பால், லெகான்டி பள்ளத்தாக்கின் காட்டுக்குள் இறங்கிய பிறகு. கரடி என்றதும் எல்லாரும் கதை எதிர்பார்க்கிறார்கள். ஆனால் அங்கே கரடியோடு நமக்குள்ள உறவு பெரும்பாலும் ஒரு பிளாஸ்டிக் பெட்டியின் வழியாகத்தான். கேனிஸ்டர் என்று அழைக்கப்படும் அந்த உருளைப் பெட்டி, கரடியால் திறக்கவோ உடைக்கவோ இயலாதது. இந்தப் பாதையின் பெரும்பகுதியில் அதை எடுத்துச் செல்வது கட்டாயம். வெறும் பெட்டியே ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும். உணவு மட்டுமல்லாமல் பற்பசை, வெயில் களிம்பு என வாசனையுள்ள அனைத்தும் அதற்குள் போக வேண்டும். இரவில் கூடாரத்திலிருந்து முப்பது மீட்டருக்கு அப்பால், நீர்நிலைக்கோ பள்ளத்துக்கோ அருகில் இல்லாதபடி தரையில் வைக்க வேண்டும். இல்லையென்றால் கரடி உருட்டிக்கொண்டே போய் ஆற்றில் தள்ளிவிடும். மனித உணவின் ருசி கண்ட கரடி திரும்பத் திரும்ப மனிதர்களைத் தேடி வரும், கடைசியில் அதைக் கொல்ல வேண்டிய நிலை ஏற்படும். அந்தப் பெட்டியின் கனத்தைப் பற்றிப் பத்து நாளாகப் புலம்பிய நான், அன்று காலையோடு நிறுத்திக்கொண்டேன்.

முதலில் ஓசைதான் கேட்டது. யாரோ விறகு பிளக்கிறார்கள் என்று நினைத்தேன். அங்கே விறகு பிளக்க யார் இருக்கிறார்கள் என்ற எண்ணம் அடுத்து வந்தது. "அத்தான், அசையாதீங்க" என்றான் முன்னால் நின்ற மைத்துனன். பாதையிலிருந்து ஐம்பது அறுபது அடி தள்ளி, விழுந்து உளுத்துக் கிடந்த ஒரு பெரிய மரத்தின் அருகில், இலவங்கப்பட்டை நிறத்தில் ஒரு கரடி நின்றது. இனத்தின் பெயர் கருங்கரடி என்றாலும் சியராவில் பழுப்பு நிறத்தவையே ஏராளம். அதைவிடப் பெரிய கிரிஸ்லி கரடி 1920களில் கலிஃபோர்னியாவிலிருந்து முற்றாக அழிக்கப்பட்டுவிட்டது. இப்போது அது மாநிலக் கொடியில் மட்டும் நடந்துகொண்டிருக்கிறது. இந்தக் கரடி முன்னங்கால் நகங்களை மரப்பட்டையின் வெடிப்பில் நுழைத்து, கதவைத் திறப்பதுபோல் நிதானமாக இழுத்தது. பட்டை முனகிக்கொண்டே உரிந்தது. அடியில் கலைந்து ஓடிய எறும்புகளையும் வெள்ளைக் கூட்டுப்புழுக்களையும் நாக்கால் வழித்து எடுத்த சளப் சளப் என்ற ஓசை எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. காற்று அதன் பக்கத்திலிருந்து எங்கள் பக்கம் வீசியது. ஈரக் கம்பளியும் மட்கிய மரமும் கலந்த வாடை.

நாங்கள் பின்வாங்கிக்கொண்டே, குரலை உயர்த்தாமல் பேசத் தொடங்கினோம். எங்களை மனிதர்கள் என்று அது அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக. அது தலையைத் தூக்கியது. மூக்கின் மேல் இரண்டு எறும்புகள் ஏறிக்கொண்டிருந்தன, நிச்சயமாகப் பார்த்தேன். ஒரு பெருமூச்சு விட்டு, மரத்தின் மறுபக்கத்துக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டியபடி மிச்ச வேலையைத் தொடர்ந்தது. கைப்பேசியை எடுக்க இருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் எனது கைப்பேசியில் அன்று மின்சாரம் இல்லை.

அதன்பின் கணவாய்கள் வரிசையாக வந்தன. மேதர், பின்ஷோ இரண்டையும் பற்றி எழுத என்னிடம் மூச்சிரைப்பைத் தவிர அதிகம் இல்லை. பாதையின் மிக அழகான பகுதி என்று பலரும் சொல்லும் ரே ஏரிகளில் வேறொரு விஷயம் என்னை உறுத்தியது. நீலப் பளிங்குபோன்ற நீர், அதில் தலைகீழாக நிற்கும் சிகரங்கள், கரையோரம் துள்ளும் மீன்கள். இந்த மீன்கள் அங்கே பிறந்த இனத்தவை அல்ல. சியராவின் உயர்ந்த ஏரிகளில் பெரும்பாலானவை இயல்பில் மீனே இல்லாதவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து தூண்டில்காரர்களுக்காக டிரவுட் மீன்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அதுவரை அந்த ஏரிகளை ஆண்ட மஞ்சள்கால் தவளையின் தலைப்பிரட்டைகள் முழுத் தவளையாக வளர இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். அத்தனை காலம் மீன்களின் வாயிலிருந்து தப்புவது எப்படி? பிறகு தோலைத் தாக்கும் பூஞ்சை நோயும் வந்து சேர்ந்தது. 2014இல் அந்தத் தவளை அமெரிக்க மத்திய அரசின் அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. சில ஏரிகளிலிருந்து மீன்களை அகற்றித் தவளைகளை மீட்கும் பணி நடந்து வருகிறது. மாலை முழுவதும் கரையோரம் குனிந்து குனிந்து தேடியும் எனக்கு ஒரு தவளைகூடக் கிடைக்கவில்லை. அந்தப் பதினோராம் நாளுக்கு முன்பாக இருந்திருந்தால் தேடியிருக்கவே மாட்டேன், அந்த ஏரி எனக்கு முழுமையான காட்சியாகவே இருந்திருக்கும்.

காணாதவற்றின் கணக்கில் பெருங்கொம்புச் செம்மறியும் உண்டு. 1990களில் சியரா முழுவதிலும் நூறளவுக்குக் குறைந்துபோய், 2000ஆம் ஆண்டில் அழியும் நிலைப் பட்டியலில் ஏறிய இனம் அது. 4,009 மீட்டர் உயரமுள்ள ஃபாரஸ்டர் கணவாயைத் தாண்டியதும் வரும் சமவெளிக்குப் 'பிக்ஹார்ன் மேட்டுநிலம்' என்று அதன் பெயரையே வைத்திருக்கிறார்கள். அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்து, சுற்றிலும் இருந்த சரிவுகளைத் துருவிப் பார்த்தேன். அசைந்ததெல்லாம் மேக நிழல்கள். மைத்துனன் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அவனும் மாறியிருந்தான் என்பதற்கு அதைச் சாட்சியாக வைத்துக்கொண்டேன்.

கடைசி நாள் கிட்டார் ஏரியிலிருந்து இரவு இரண்டு மணிக்கு நெற்றி விளக்குகளோடு ஏறத் தொடங்கி, விடிவதற்குச் சற்று முன் விட்னியின் உச்சியை அடைந்தோம். அங்கே 1909இல் ஆய்வாளர்களுக்காகக் கட்டப்பட்ட கற்கூடம் ஒன்று இருக்கிறது. அதன் மறைவில் காற்றுக்கு ஒதுங்கி இருபது பேராவது ஸ்லீப்பிங் பேக்குகளைப் போர்த்திக்கொண்டு கிழக்கு நோக்கிக் காத்திருந்தார்கள். கீழே ஓவன்ஸ் பள்ளத்தாக்கு இருட்டாகவே கிடந்தது. அதற்கு அப்பால் அடிவானத்தில் ஒரு சிவப்புக் கோடு கிழிந்தபோது எல்லாரும் கைப்பேசிகளை உயர்த்தினார்கள்.

எனக்கு இடப்புறம், கூடத்தின் நிழலில், சென்ற குளிர்காலத்தின் எச்சமாக அழுக்கேறிய ஒரு பனித்துண்டு மிஞ்சியிருந்தது. அதன்மேல் ரோஸி ஃபிஞ்ச் குருவி ஒன்று, தவிட்டு நிற உடலில் ரோஜா நிறம் தோய்த்த சிறகுகளோடு தத்தித் தத்திப் போய், எதையோ கொத்திக்கொண்டிருந்தது. கிட்டே போய்க் குனிந்தேன். பள்ளத்தாக்குகளிலிருந்து காற்று தூக்கி வந்து போட்ட பூச்சிகள், சிறகு விறைத்து, பனியில் ஒட்டிக் கிடந்தன. குருவி ஒவ்வொன்றாகப் பொறுக்கியது. ஒரு சிறிய அந்துப்பூச்சியை மட்டும் இரண்டு முறை கொத்தியும் பெயர்க்க முடியாமல், தலையைச் சாய்த்து அதை ஒரு கண்ணால் பார்த்தது, பிறகு மறு கண்ணால் பார்த்தது.

பின்னாலிருந்து தோளைத் தொட்டு மைத்துனன் சொன்னான்: "அத்தான், சூரியன் அந்தப் பக்கம்."